மறு: 'அறிதிறன் சேமிப்பு' வேண்டாமே

>> காக்னிட்டிவ் ரிசர்வ் = அறிதிறன் சேமிப்பு. இதில் என்ன குழப்பம்?

இருக்கிறது அண்ணே. மூளையில் சிதைவு வந்த பிறகும் தாக்குப்பிடித்து வேலையைச் செய்யும் திறனைத்தான் காக்னிட்டிவ் ரிசர்வ் என்கிறார்கள். சேமிப்பு என்றால் இங்கே யாங்கோனில் என் பெரியம்மாவுக்கு அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்த க்யாட் நோட்டுதான். எடுத்தால் குறையும். இதுவோ பயன்படுத்துவதால் குறைகிற சங்கதி இல்லை.

1988இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மனின் குழு, பராமரிப்பு இல்லத்தில் இருந்து இறந்துபோன 137 முதியவர்களின் மூளையை ஆராய்ந்தது. அதில் 10 பேருக்கு அல்சைமர் என்ற மறதிநோயின் அடையாளங்கள் மூளையில் இருந்தும், உயிரோடு இருந்தவரை புத்தி தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய மூளையின் எடையும் கூடுதல், பெரிய நரம்பணுக்களும் அதிகம். இதை 'மூளை இருப்பு' என்று வைத்துக்கொள்ளலாம், கடைச் சரக்கு இருப்பு மாதிரி, சண்டையே இல்லை. ஆனால் பின்னால் யாக்கோவ் ஸ்டெர்ன் என்ற நரம்பியல் உளவியலாளர் பிரித்துக் காட்டியது வேறு: சிதைவு ஒரே அளவுதான், ஒருவர் தடுமாறுகிறார், இன்னொருவர் வேறு வழியில் புகுந்து வேலையை முடித்துவிடுகிறார். அதற்குத்தான் சொல் தேடுகிறோம். 'சமாளிதிறன்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், கடன்காரனைச் சமாளிப்பது போல இருக்கிறது.

என் பரிந்துரை: ஈடுதிறன். ஈடுகொடுக்கும் திறன். பெரியம்மாவுக்கு 81 வயது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாம்பார் சொல்லிக்கொடுக்கும்போது 'வெங்காயம்' நாக்கில் வரவில்லை, இரண்டு நொடி நின்றார், அப்புறம் 'ச்செத்தூன்னி' என்று பர்மியச் சொல்லுக்குத் தாவி மேலே போய்விட்டார். (இது ஆய்வு இல்லை, சொல்லுக்கு உதாரணம் மட்டும்.)

ஆய்வு வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு 2013இல் வெளியிட்டது இருக்கிறது. மறதிநோய் வந்த 648 பேரில், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இருமொழியினருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படித்தான். பிந்தியது, அவ்வளவுதான், வராமல் போகவில்லை. 'அறிவுக் காப்பு' என்ற இன்னொரு பெயரும் வேண்டாம் என்று நான் முரண்டு பிடிப்பதும் இதனால்தான், காப்புக் கட்டிக்கொண்டால் நோய் அண்டாது என்று ஆகிவிடும்.

>> ஈடு என்றால் அடகு இல்லையா தம்பி?

ஆமாம் அண்ணே, அடகு வாசனை அடிக்கிறது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை மறுக்கவா முடியும்? வேண்டுமானால் 'ஈடுகொடுதிறன்' என்று நீட்டலாம், நாக்குதான் கொஞ்சம் சுளுக்கும். முன்னால் 'அறிதிறன்' சேர்த்தால் திறன் இரண்டு தடவை வருகிறது, அதனால் 'அறிவு ஈடுதிறன்' போதும் என்பது என் கட்சி.

பெரியம்மாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். சேமிப்புக்கு "எவ்வளவு?" என்றார். ஈடுதிறனுக்கு "எதுக்கு ஈடு குடுக்கணும்?" என்றார்.