பனியில் வெள்ளை நாய்: பிரெஞ்சு ஓவியர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி – ஏற்காட்டிலிருந்து

எங்கள் காப்பித் தோட்டத்து ராஜபாளையம் நாயை, மார்கழிப் பனியில் சேர்வராயன் மலைச்சரிவு பின்னால் தெரியும்படி எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். சரிவைத் தெளிவாகத் தீட்டினால் நாய் வெட்டி ஒட்டிய காகிதம்போல் நிற்கிறது. பனியோடு இணக்கினால் உருவமே கரைந்துவிடுகிறது. அரசர்களின் வேட்டை நாய்களை இயற்கைக் காட்சிக்கு நடுவே வரைந்த பிரெஞ்சு ஓவியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்?

மறுமொழி – அஸ்தம்பட்டி, சேலம்

15ஆம் லூயியின் நாய்களை வரைந்த ழான் பாப்டிஸ்ட் ஊத்ரியிடம் (1686–1755) இதற்கு விடை இருக்கிறது. மாணவராக இருந்தபோது பூங்கொத்து ஒன்றை வரையச் சொன்ன ஆசிரியர் லார்ஜில்லியேர், அவர் பல நிறப் பூக்களோடு வந்ததைக் கண்டு, வெள்ளைப் பூக்களை மட்டும் பறித்து வரும்படி திருப்பி அனுப்பினார் என்று 1749இல் பாரிஸ் கலைக்கழக உரையில் ஊத்ரியே நினைவுகூர்ந்தார். ஒரு வெள்ளையை இன்னொரு வெள்ளையோடு ஒப்பிட்டால்தான் அதன் உண்மையான நிறம் புலப்படும் என்பதே அந்தப் பாடம். 1753இல் அவர் வரைந்த வெள்ளை வாத்து ஓவியத்தில் வாத்து, துணி, மெழுகுவத்தி, பீங்கான் கிண்ணம் எல்லாமே வெள்ளை. ஆனால் ஒன்றுகூட மற்றொன்றில் கலந்துவிடவில்லை. நாயின் அருகே சலவை வேட்டி ஒன்றை விரித்து வைத்துப் பாருங்கள்.

மறுமொழி – ஓமலூர்

வெள்ளையைப் பற்றி நண்பர் சொன்னது சரி. ஆனால் நிலத்தையும் நேரில் வரைய வேண்டும். 14ஆம் லூயிக்காக நாய்களை வரைந்த தெபோர்த் (1661–1743), தூரிகைகளும் வண்ணங்களும் அடங்கிய தகரப் பெட்டியோடு வயல்வெளிக்கே சென்று, மண்ணில் ஊன்றக்கூடிய கைத்தடியில் தாங்கியைப் பொருத்தி, காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் நிலக்காட்சிகளைத் தீட்டினார். அக்காலத்தில் அது அரிய வழக்கம். அரசரின் நாய்களை 1702இல் வரைந்தபோது அவற்றின் பெயர்களையும் ஓவியத்திலேயே பொன்னெழுத்தில் பொறித்தார். அதைப் படித்ததும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைத் தாங்கிய எடுத்தனூர் நடுகல்தான் என் நினைவுக்கு வந்தது. உங்கள் நாயும் இன்ன நாய் என்று தெரிய வேண்டுமானால், நின்றபடி குனிந்து பார்க்காமல் அதன் கண்மட்டத்தில் உட்கார்ந்து வரையுங்கள். முதுகுக்கோடு தரையை விட்டு மேலெழுந்து தெரியும்.

கேட்டவர்

இன்று காலை வேட்டியை விரித்துப் பார்த்தேன், ஐயா. நாயின் முதுகு மஞ்சள் கலந்தது. வயிறு செம்மண்ணின் நிறத்தை வாங்கியிருக்கிறது. இத்தனை நாளும் இரண்டையும் ஒரே வெள்ளையால் பூசியிருக்கிறேன். நாளை தரையில் அமர்ந்து புதிதாகத் தொடங்குகிறேன்.