மூழ்கிய மூடுகால்வாய்க்குள் அனுப்ப நீரடி ட்ரோன் கிடைக்குமா?

கடலூர் நண்பர்களுக்கு வணக்கம். சிப்காட் பகுதியில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். எங்கள் மூடுகால்வாய் ஆள் குனிந்து போகும் உயரம்தான். இப்போது கூரைவரை தண்ணீர். முக்குளிப்பவரை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார்கள். மேலே எழ வழியில்லாத இடத்துக்குள் மனிதரை அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீரடி ட்ரோன் வாடகைக்குத் தருபவர்கள் இங்கோ புதுச்சேரியிலோ இருக்கிறார்களா? வைஃபை அலை தண்ணீருக்குள் எடுபடாது என்பதால் கேபிள் இணைத்ததுதான் வேண்டும். அந்தக் கேபிளும் மூழ்காமல், மிதக்காமல் நிற்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். அடியில் களிச்சேறு. விசிறி சுழன்றதுமே தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிடும். எனவே கேமராவோடு, ஒலியின் எதிரொலியை வைத்து எதிரே இருப்பதைக் காட்டும் சோனாரும் அவசியம். கல்யாண வீடியோ ட்ரோன்காரர்கள் பொறுத்தருளவும்! வாடகை, இயக்குபவர் கூலி இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.