தேன் போத்தலுக்குள்ள நுரைக்குது, மூடி திறக்க புஸ் எண்டு சத்தம் வருது, உதவி வேணும்

வேப்பம்பூ, உரும்பிராய்:
எல்லாருக்கும் வணக்கம். வளவுக்குள்ள ரெண்டு தேனீப் பெட்டி வச்சிருக்கிறன், எங்கட நாட்டுத் தேனீதான், இந்தச் சித்திரைக்குத்தான் முதல்தரம் தேன் எடுத்தது. வேம்பு இந்தமுறை நல்லாப் பூத்தது, பக்கத்து வளவில முருங்கையும் நிக்குது, தேன் சேர எண்டு மேல வச்ச மேல்பெட்டி தூக்கேலாத பாரம். மாமா தெரிஞ்ச ஒராளிட்ட சுத்துற மெஷின் இரவலா வாங்கிக்கொண்டு வந்தார், வதை கட்டியிருக்கிற மரச்சட்டங்களை எடுத்து மெழுகு மூடியைக் கத்தியால சீவி, மெஷினில சுத்தி, வெள்ளைத் துணியில வடிச்சுப் போத்தல்ல விட்டனாங்கள். முதல் ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப பாத்தா மேல ஒரு அங்குலத்துக்கு வெள்ளை நுரை கட்டியிருக்கு, மூடியைத் திறந்தா கள்ளுப் போத்தல் திறந்த மாதிரி புஸ் எண்டு காத்து வருது, மணத்தில சாடையான புளிப்பு, நாக்கில வச்சா சுர் எண்டு இருக்கு. வேற ரெண்டு போத்தல்ல அடியில வெள்ளையா மணல் மணலா உறைஞ்சு, மேல தண்ணியா நிக்குது.

வாங்கின சனம் சீனிப்பாணி கலந்திருக்கு எண்டு கதைக்கத் தொடங்கீட்டுது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு சொட்டும் கலக்கேல்லை. இது பழுதாப் போச்சோ, திருத்தலாமோ? மற்றது அக்காவின்ர பிள்ளைக்கு ஏழு மாசம், அம்மா நல்ல போத்தல்ல இருந்து கொஞ்சம் நாக்கில தடவுவம் எண்டு நிக்கிறா, குடுக்கலாமோ எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

கொடிகாமம் மூத்தக்கா:
மற்றதெல்லாம் பிறகு, பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ தங்கச்சி. ஒரு வயசுக்குள்ள எந்தத் தேனும் கூடாது, நுரைச்ச தேன் மட்டுமில்லை, முதல்தரமான தேனும் கூடாது. தேனில குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் எண்ட கிருமியின்ர வித்துகள் இருக்கலாம், எங்களுக்கு ஒண்டும் செய்யாது, கைக்குழந்தையின்ர குடலுக்குள்ள அது வளந்து நஞ்சு விடும், பிள்ளை பால் குடிக்கேலாம, தலை நிக்காம சோந்து போயிடும், மூச்சையும் பாதிக்கும். காய்ச்சின தேன் எண்டாலும் அந்த வித்து சாகாது. அந்தக் காலத்தில நாங்களும் தடவினதுதானே எண்டு அம்மா சொல்லுவா, கோவிக்காம விளங்கப்படுத்துங்கோ, இல்லாட்டி கிளினிக்கில மிட்வைஃப்பைக் கேக்கச் சொல்லுங்கோ.

பனங்கூடல், கைதடி:
தங்கச்சி, ரெண்டு விசயம் சொல்லுங்கோ. எடுக்கேக்க வதை எல்லாம் மெழுகால மூடியிருந்ததோ, இல்லை வதையின்ர மூடாத கண்ணிலயும், அதான் தேன் நிக்கிற குழியிலயும், தேன் மினுங்கிக்கொண்டு இருந்ததோ? எடுத்த அண்டைக்கு மழை ஏதும் பெஞ்சதோ?

வேப்பம்பூ, உரும்பிராய்:
மேல்பக்கம் வெள்ளையா மூடியிருந்தது அண்ணை, கீழ்ப்பாதி கனக்க திறந்துதான் இருந்தது. பெட்டி நிரம்பீட்டுது, விட்டா தேனீ குடிச்சுப்போடும், எல்லாத்தையும் எடுப்பம் எண்டு மெஷின் தந்தவர் சொன்னவராம். முதல்நாள் பின்னேரம் ஒரு மழை பெஞ்சது, உண்மைதான்.

பனங்கூடல், கைதடி:
அப்ப விளங்குது. கலப்படமும் இல்லை, போத்தல் ஊத்தையும் இல்லை, அது பழுக்காத தேன். பூவில இருந்து வாற அமுதத்தில பாதிக்கு மேல தண்ணிதான், தேனீ அதைக் கண்ணுக்குள்ள வச்சு செட்டையால விசுக்கி விசுக்கி வத்த வைக்கும், 20 வீதத்துக்குக் கிட்ட வந்தாப்பிறகுதான் மெழுகு போட்டு மூடும். சர்வதேச உணவுத் தரத்திலயும் தேனில தண்ணி 20 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டுதான் இருக்கு. எங்கட சின்னத் தேனீயின்ர தேன் வெளிநாட்டுப் பெரிய தேனீயின்ர தேனிலும் பாக்க எப்பவும் கொஞ்சம் தண்ணிப்பிடி, அதால நாங்கள் இன்னும் கூடக் கவனிக்கவேணும். தேனுக்குள்ள ஈஸ்ட் எப்பவும் இருக்கு, பூவில இருந்தும் வரும், காத்தில இருந்தும் வரும், இனிப்புக் கூடி தண்ணி குறைஞ்சிருந்தா அதால வளர ஏலாது, தண்ணி கூடினா வளந்து காத்தும் சாராயமும் உண்டாக்கும், பிறகு புளிக்கும். உங்கட போத்தல்ல நடக்கிறது அதுதான்.

முதல்ல ஒரு வேலை செய்யுங்கோ, கண்ணாடிப் போத்தல் எல்லாத்தின்ர மூடியையும் தளர்த்தி விடுங்கோ. இறுக்கி வச்சா காத்து முட்டி வெடிக்கும், வீட்டில சின்னப் பிள்ளையும் இருக்கு எண்டுறியள்.

நீர்வேலித் தோட்டம்:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை, ஒரு கொதி கொதிக்க வச்சு எடுத்தாச் சரி. எங்கட அப்பு வெயிலில வச்சு எடுப்பார், ஒருநாளும் பழுதாகினது இல்லை.

பனங்கூடல், கைதடி:
கொதிக்க வைக்கிறது மட்டும் வேண்டாம் அண்ணை. வேப்பம்பூத் தேனின்ர மணம் எல்லாம் ஆவியோட போயிடும், நிறம் கறுக்கும், எச்.எம்.எஃப் எண்ட ஒரு பொருளும் கூடும். பழைய தேனையும் சூடாக்கின தேனையும் அதை வச்சுத்தான் பிடிக்கிறவை, கிலோவுக்கு 40 மில்லிகிராம்தான் எல்லை, எங்களைப்போல வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 வரை விட்டிருக்கு. மூடின போத்தலை வெயிலில வச்சா உள்ள இருக்கிற தண்ணி எங்க போறது? திறந்து வச்சா எறும்பும் தூசியும் விழும், காத்து ஈரமா இருந்தா தேன் தண்ணியை உறிஞ்சவும் செய்யும், எங்கட குடாநாட்டுக் காத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நுரைச்சதை இப்பிடிச் செய்யலாம் தங்கச்சி. நுரையை அள்ளி எறிஞ்சிட்டு, பெரிய பாத்திரத்தில தண்ணி வச்சு அதுக்குள்ள தேன் பாத்திரத்தை இறக்கி, தேன் 63 பாகை செல்சியஸில அரை மணித்தியாலம் நிக்க விடுங்கோ, வெப்பமானி கட்டாயம் வேணும், கைக்கணக்கு சரிவராது. ஈஸ்ட் செத்துப்போகும், நுரைக்கிறது நிக்கும், புளிப்பு ருசி மட்டும் போகாது. பிரிட்ஜில வச்சு வீட்டில சமையலுக்குப் பாவியுங்கோ, விக்காதேங்கோ. தேனீக்குத் திருப்பிக் குடுக்கவும் வேண்டாம், புளிச்ச தேன் அதுகளுக்கு வயித்தால போக வைக்கும். வாங்கின ஆக்களிட்ட உள்ளதைச் சொல்லி மாத்திக் குடுத்தா அவை அடுத்தமுறையும் உங்களிட்டத்தான் வருவினம்.

மண்டான் வெளி:
அந்த மணல் மணலா உறைஞ்சதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. அது சீனி இல்லை தங்கச்சி, குளுக்கோஸ் பளிங்கு. நல்ல தேனும் உறையும். ஆனா குளுக்கோஸ் அடியில இறங்கினா மேல நிக்கிற பாகத்தில தண்ணி கூடும், அதால உறைஞ்ச போத்தலும் மேல்பக்கத்தில இருந்து நுரைக்கத் தொடங்கும். இன்னும் புளிக்காட்டி 40 பாகைக்கு மேல போகாத சுடுதண்ணிக்குள்ள போத்தலை வச்சு மெதுவாக் கரைச்சு, நல்லாக் கலந்து, பிரிட்ஜில வச்சுக் கெதியாச் சாப்பிட்டு முடியுங்கோ.

சனம் தீக்குச்சியை நனைச்சுப் பத்தவச்சுப் பாக்கும், கடதாசியில விட்டுப் பாக்கும், அதையெல்லாம் மனசில எடுக்காதேங்கோ. உதெல்லாம் தண்ணி கூடவோ குறையவோ எண்டதைத்தான் சாடையாக் காட்டும், கெட்டியாக் காய்ச்சின சீனிப்பாணியும் பாஸ் பண்ணும், உங்கட சுத்தமான தேன் ஃபெயில் ஆகும்.

வேப்பம்பூ, உரும்பிராய்:
பெரிய நன்றி எல்லாருக்கும். மூடி எல்லாம் தளர்த்தீட்டன், அம்மாவும் ஓம் எண்டிட்டா. மற்றப் பெட்டியில இன்னும் எடுக்கேல்லை, அதையாவது சரியாச் செய்யவேணும், எப்ப எடுக்கிறது, எப்பிடி எண்டு கொஞ்சம் விபரமாச் சொல்லுவியளோ? முதல்தரம் எடுக்கேக்க அயல் தேனீ எல்லாம் வந்து மொச்சு, பெட்டி வாசலில ஒரே சண்டை, கனக்கச் செத்தும் போச்சுது.

பனங்கூடல், கைதடி:
சட்டத்தைத் தூக்கிப் பாருங்கோ, முக்கால்வாசிக்கு மேல வெள்ளை மூடி இருந்தா எடுக்கலாம். மிச்சத் திறந்த கண்ணையும் சோதிக்க ஒரு வழி இருக்கு, தேனீயைத் தட்டி விட்டிட்டு சட்டத்தைப் பெட்டிக்கு மேல படுக்கையாப் பிடிச்சு ஒரு உதறு உதறுங்கோ, துளி துளியாத் தெறிச்சா பழுக்கேல்லை, திருப்பி உள்ள வையுங்கோ, ஒரு கிழமையால பாக்கலாம். புதுவதை எண்டா மெதுவா உதறுங்கோ, முறிஞ்சு விழும். மழை பெஞ்ச உடன எடுக்காதேங்கோ. பெட்டி நிரம்பி இடமில்லையெண்டா எடுக்கிறதை விட்டிட்டு மேல இன்னொரு பெட்டி வச்சுக் குடுங்கோ. மேல்பெட்டி வச்சிருக்கேக்க சீனிப்பாணி குடுக்கிறதையும் நிப்பாட்டவேணும், இல்லாட்டி அதையும் கொண்டுபோய் வதைக்குள்ள வச்சிடும், சனம் சொல்லுறது உண்மையாப் போயிடும்.

ரிஃப்ராக்டோமீற்றர் எண்டு கையில பிடிச்சுப் பாக்கிற சின்னக் குழாய் ஒண்டு இருக்கு, தேனுக்கெண்டு வாறதைப் பாத்து வாங்குங்கோ, ஒரு துளி விட்டா தண்ணி எத்தினை வீதம் எண்டு காட்டும். பிரிக்ஸ் எண்ட இனிப்புக் கணக்கில காட்டுற மெஷின் எண்டா 80இல நிண்டாத் தண்ணி ஏறத்தாழ 18 வீதம், அது நல்லம். நாலைஞ்சு பேர் சேந்து ஒண்டு வாங்கினாலும் காணும்.

பின்னேரம் பொழுதுபடேக்க எடுங்கோ. பொச்சுமட்டைப் புகை ரெண்டு ஊத்து போதும், கூடப் புகைச்சாத் தேனில மணக்கும். எடுத்த சட்டத்தை உடன சீலையால மூடிக் கதவு யன்னல் சாத்தின அறைக்குக் கொண்டுபோங்கோ, ஒரு சொட்டும் வெளியில சிந்தக்கூடாது, அயல் தேனீ வந்ததுக்கு அந்த வாசந்தான் காரணம். கத்தியைச் சுடுதண்ணியில தோச்சுத் துடைச்சிட்டு மூடியை மட்டும் கீழயிருந்து மேல மெல்லிசாச் சீவுங்கோ, வதை சேதப்படாட்டி தேனீக்குத் திரும்பக் கட்டுற வேலை மிச்சம், அந்த நேரத்தில தேன் சேர்க்கும். மெஷினில முதல் மெதுவாச் சுத்தி, மற்றப் பக்கம் திருப்பி, பிறகுதான் வேகம். தேனீக் குஞ்சுப் புழு இருக்கிற வதையை ஒருநாளும் மெஷினில போடாதேங்கோ. எவர்சில்வர் வாளியில வடிச்சு மூடி ஒண்டு ரெண்டு நாள் விட்டா மெழுகும் காத்தும் மேல வரும், அதை எடுத்திட்டு நல்லாக் காஞ்ச போத்தல்ல விடுங்கோ, தகர வாளி வேண்டாம், தேனில புளிப்புத்தன்மை இருக்கு, அரிக்கும்.

மண்டான் வெளி:
கீழ்ப்பெட்டித் தேனைத் தொடாதேங்கோ தங்கச்சி. ஐப்பசி கார்த்திகை மாரிக்கு அதுதான் அதுகளின்ர சாப்பாடு. எங்கட தேனீ பசி வந்தாலோ கரைச்சல் குடுத்தாலோ ஒரு நாளில கூட்டை விட்டிட்டுப் போயிடும், காலமை பாக்க வெறும் பெட்டிதான் நிக்கும்.

வெறும் வதையை அண்டைக்கே இருட்டினாப்பிறகு பெட்டிக்குள்ள வச்சிடுங்கோ, காலமைக்குள்ள தேனீயள் நக்கித் துடைச்சிடுங்கள். வெளியில வச்சா மெழுகுப்பூச்சி முட்டை போடும். வாசலையும் ரெண்டு மூண்டு நாளைக்கு ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கி விட்டா களவுக்கு வாறதைக் காவல்தேனீ மறிச்சுப்போடும்.

வேப்பம்பூ, உரும்பிராய்:
இப்ப போய்ப் பாத்தனான் அண்ணை, மேலக் கரையில ஒரு கையளவுதான் மூடியிருக்கு, உதறத் தெறிக்குது. மூடி வைச்சிட்டன், மெஷினையும் திருப்பிக் குடுத்தனுப்பியாச்சு. மேல்பெட்டி ஒண்டு செய்யத் தச்சுவேலை ஐயாவிட்ட சொல்லப்போறன், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடவேணும்?

பனங்கூடல், கைதடி:
உங்கட கீழ்ப்பெட்டி அளவையே ஐயாவிட்ட குடுங்கோ, ஊருக்கு ஊர் அளவு மாறும், சட்டம் மாத்தி மாத்தி வைக்கேலாமப் போயிடும். ஒரு பழைய சட்டத்தையும் கையில கொண்டுபோங்கோ. உள்ளுக்கு பெயின்ற் அடிக்கவேண்டாம் எண்டும் சொல்லிவிடுங்கோ.