பெரியப்பாவின் ஃபார்வர்டும் நிலாவின் ஆய்வுச்சுருக்கமும்

நிலா: அத்தை, இருக்கிறீர்களா? அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜன் ஆண்டு மாநாட்டுக்கு ப்ரொபோசல், அதாவது என்ன பேசப் போகிறேன் என்ற முன்மொழிவு, போடலாம் என்று இருக்கிறேன். தனியாக அனுப்பினால் நீங்கள் பார்ப்பதில்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன்.

அத்தை: பார்க்கிறேன். பதில்தான் போடுவதில்லை. தலைப்பு என்ன?

நிலா: சமூக ஊடகங்களும் மதமும்: ஓர் ஆய்வு

அத்தை: இது நூலக அலமாரியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி இருக்கிறது. எதுவும் இதற்குள் அடங்கும்.

பெரியப்பா: மதங்களின் மாநாடா! விவேகானந்தர் சிகாகோவில் பேசியது போல நம் பெண்ணும் பேசப் போகிறாள். வாழ்த்துகள் 🙏🙏

அத்தை: அண்ணா, அது வேறு. 1893-ல் சிகாகோவில் கூடியவர்கள் சமயங்களின் பிரதிநிதிகள். அவரவர் சமயத்துக்காக அவரவர் பேசினார்கள். இவள் போக நினைப்பது ஆய்வாளர்களின் மாநாடு. 1900-ல் பாரிஸில் சமய வரலாற்றுக்கென்று ஒரு மாநாடு கூடியதே, அந்த வழி. எந்த மதம் உண்மை என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதர்கள் மதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

பெரியப்பா: அப்படியென்றால் பக்தி இல்லாதவர்களா?

அத்தை: இருப்பவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. ப்ரொபோசலில் அதை யாரும் கேட்பதில்லை. 1909-ல் நிலா போக நினைக்கும் அந்த அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியவர்களே பைபிள் பாடம் நடத்திய ஆசிரியர்கள்தான். 1960-களில்தான் இப்போதைய பெயர் வந்தது. ஆழ்வார் பாசுரங்களை ஆராய்ந்த வசுதா நாராயணன் அதன் தலைவராகவே இருந்திருக்கிறார்.

பெரியப்பா: அப்படிச் சொல்!

பெரியப்பா:
⏩ பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது
இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் 11 பேருக்கு அனுப்புங்கள். மூன்று நாட்களுக்குள் நல்ல செய்தி வரும். அலட்சியம் செய்யாதீர்கள்.

கதிர்: அப்பா!!!

நிலா: திட்டாதே கதிர். என் ஆய்வே இந்த மாதிரிப் பக்திச் செய்திகளைப் பற்றித்தான் 😂

அத்தை: அப்புறம் எதற்கு அந்தத் தலைப்பு? இதையே நேராகச் சொல்ல வேண்டியதுதானே. சரி, இந்தச் செய்திகளைப் பற்றி என்ன சொல்லப் போகிறாய்?

நிலா: மக்கள் ஏன் இவற்றை ஃபார்வர்டு செய்கிறார்கள் என்று ஆராயப் போகிறேன்.

அத்தை: அது உன் கேள்வி. நான் கேட்டது உன் பதிலை.

நிலா: கட்டுரையையே இன்னும் எழுதவில்லையே அத்தை. மாநாடு நவம்பரில்தான்.

அத்தை: யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். கடைசித் தேதி பெரும்பாலும் மார்ச் தொடக்கத்தில் வந்துவிடும், நவம்பரில் பேசப்போவதை இப்போதே சொல்ல வேண்டும். முடிவு உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று தெரியுமே, அதை எழுது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் "ஆராய்கிறது", "விவாதிக்கிறது", "வெளிச்சம் பாய்ச்சுகிறது" என்று முடிகிற வாக்கியங்களைப் படித்துப் படித்து ஓய்ந்தவர்கள். "நான் வாதிடுவது இதுதான்" என்று ஒருவர் எழுதினால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதிர்: அக்கா, ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுமே.

அத்தை: அது முதலில் எழுதிக் கொடுப்பதே "இக்கட்டுரை ஆராய்கிறது" என்றுதான்.

கதிர்: எனக்குக்கூட ஒரு மாநாட்டு மெயில் வந்தது. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று. மதம், நானோ தொழில்நுட்பம், பல் மருத்துவம் மூன்றும் ஒரே மாநாட்டில். 24 மணி நேரத்தில் ஏற்பு உறுதியாம்.

அத்தை: அவ்வளவு சீக்கிரம் ஏற்பு வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அந்த இணையதளத்தில் பணம் கட்டும் பக்கம் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். நிலா, நீயும் இந்த மாதிரி மெயில்களில் கவனமாக இரு. ஆய்வு மாணவர்களைத்தான் குறி வைக்கிறார்கள்.

அம்மா: 24 மணி நேரத்தில் பேராசிரியர் ஆக முடியுமென்றால் கதிரை அனுப்புங்கள்.

நிலா: 😂 சரி அத்தை, இப்படித் தொடங்கினால் எப்படி? இந்தச் செய்திகள் புதிதே இல்லை. ஆறாம் நூற்றாண்டில், வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஒரு கடிதம் சுற்றியது. கிறிஸ்துவே எழுதியதாம், ஞாயிற்றுக்கிழமையைப் புனிதமாகக் கடைப்பிடி என்று. ஸ்பெயினில் இருக்கும் இபிசா தீவின் பிஷப் அதை நம்பி மக்களுக்கு வாசித்துக் காட்டச் செய்தார். 584 வாக்கில் அதே ஸ்பெயினின் கார்த்தஹேனா நகர பிஷப் லிசினியானஸ் அவரைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கண்டனக் கடிதம் இன்றும் இருக்கிறது.

கதிர்: சரிபார்க்காமல் ஃபார்வர்டு செய்யாதே என்று ஒரு பிஷப் இன்னொரு பிஷப்பைத் திட்டியிருக்கிறாரா?

பெரியப்பா: அப்போ என் கட்சியில் ஒரு பிஷப் இருக்கிறார்.

நிலா: இன்னும் கேளுங்கள் பெரியப்பா. 868-ல் சீனாவில் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூலின் பிரதி ஒன்று இருக்கிறது. தேதியோடு முழுமையாகக் கிடைத்த அச்சு நூல்களில் அதுதான் மிகப் பழையது. அதன் கடைசியில், தன் பெற்றோருக்காக, எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்தது என்று வாங் ஜியே என்பவர் குறிப்பு எழுதியிருக்கிறார்.

அத்தை: அதற்கும் நூறு ஆண்டு முன்னால் ஜப்பானில் ஷோதோகு பேரரசி, பத்து லட்சம் குட்டி மரக் கோபுரங்கள் செய்து, அச்சிட்ட மந்திரத் தாள்களை உள்ளே வைத்து ஆலயங்களுக்கு அனுப்பினார் என்பது வரலாறு. அந்தத் தாள்களை யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை. பிரதிகளைப் பெருக்குவதே புண்ணியம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது, சேர்த்துக்கொள். ஆனால் ஒன்று, இதுவரை நீ சொன்னது வரலாறு. வாதம் இன்னும் வரவில்லை.

நிலா: வருகிறேன். கையால் படியெடுத்தபோது அதில் உழைப்பு இருந்தது. ஃபார்வர்டில் அது இல்லை, விரலை வைத்தால் போய்விடுகிறது. "11 பேருக்கு அனுப்பு" என்ற எண் அந்த உழைப்பைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று நினைக்கிறேன். 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் உலகம் முழுக்க வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டான செய்தி ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று ஆக்கியது. வதந்தியைத் தடுக்க வைத்த வரம்புகள். ஆனால் பெரியப்பா இதை 11 பேருக்கு அனுப்ப வேண்டுமென்றால் இப்போது 11 தடவை அனுப்ப வேண்டும். தடையாக வைத்தது நோன்பாக மாறிவிட்டது. இதுதான் என் வாதம்.

அத்தை: இதைத்தான் முதல் பத்தியிலேயே போட வேண்டும். பிஷப் இரண்டாம் பத்திக்குப் போகட்டும்.

பெரியப்பா: அவள் சொல்வதில் பாதிதான் சரி. கஷ்டப்பட்டு அனுப்புகிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு பெயராகப் பார்த்து அனுப்புவேன். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குத் தேர்வு வருகிறது என்று நினைத்துக்கொண்டே அனுப்புவேன். முன்பு மொத்தமாகத் தள்ளிவிட்டபோது அப்படி யாரையும் நினைத்ததில்லை.

நிலா: பெரியப்பா!!

அத்தை: நிலா, உன் வாதத்தை உன் பெரியப்பா திருத்திவிட்டார். உழைப்பு என்பதைவிட, ஆளை நினைப்பது என்பது இன்னும் கூர்மையாக இருக்கிறது.

நிலா: இதை மேற்கோள் காட்டலாமா அத்தை?

அத்தை: இப்போதைக்கு முடியாது. குடும்பக் குழுவில் பேசியது தரவு ஆகாது. உன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பெரியப்பாவின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறாய் என்று ப்ரொபோசலில் ஒரு வரி எழுது. முறையியலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் வரும் ப்ரொபோசல்கள்தான் அதிகம். யாரிடம் பேசுகிறாய், எதைப் பார்க்கிறாய் என்று மூன்று வரி இருந்தாலே எடுபடும்.

நிலா: மாநாட்டின் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது? ஊடகத்துக்கா, சடங்குக்கா?

அத்தை: பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே. ஒவ்வொரு பிரிவும் இந்த ஆண்டு எதைக் கேட்கிறது என்று தனியாக அழைப்பு வெளியிடும், அதைப் படி. தேவை என்று அவர்கள் சொன்னதற்கு உன் வாதம் பொருந்தினால், அந்த இணைப்பை ஒரே வரியில் சொல். அவர்கள் சொற்களையே அள்ளித் திருப்பிப் போடாதே, உடனே தெரிந்துவிடும். அப்புறம், இரண்டு பகுதி கேட்பார்கள்: 1000 சொல்லுக்குள் ப்ரொபோசல், 150 சொல்லுக்குள் சுருக்கம். பலர் ப்ரொபோசலை வெட்டிச் சுருக்கமாக்கிவிடுகிறார்கள். தேர்வுக் குழு எடைபோடுவது ப்ரொபோசலை. சுருக்கம் நிகழ்ச்சி நிரலில் வரும், அரங்குக்கு ஆள் வருவது அதைப் பார்த்துத்தான். சில பிரிவுகளில் பெயரை மறைத்து மதிப்பிடுவார்கள், அதனால் "என் முந்தைய கட்டுரையில்" என்று எங்கேயும் எழுதிவிடாதே.

அம்மா: ஏற்றுக்கொண்டால் போய் வரும் செலவை அவர்கள் தருவார்களா?

அத்தை: மாட்டார்கள். உறுப்பினர் கட்டணம், பதிவுக் கட்டணம், பயணம் எல்லாம் நம் தலையில். உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இப்போதே பார்த்து வைக்கட்டும்.

கதிர்: நிராகரித்துவிட்டால்?

அத்தை: அது அடிக்கடி நடப்பதுதான். நல்ல ப்ரொபோசலும் அந்த ஆண்டின் அமர்வில் சேராமல் போகும். ஐரோப்பியச் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது. உலக அளவில் சமய வரலாற்றுச் சங்கத்தின் மாநாடு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். 2020-ல் நியூசிலாந்தில் நடக்க இருந்தது கோவிட்டால் ரத்தானது, 2025-ல் போலந்தின் கிராக்கோவில் கூடியது. அதற்கு இனி நாள் இருக்கிறது.

நிலா: சுருக்கத்தின் முதல் வரிகள்: "ஃபார்வர்டு வரம்புகள் வதந்தியைத் தடுக்க வந்தவை. அவை பக்திச் செய்திகளைப் பகிரும் செயலை ஒவ்வொரு பெறுநரையும் தனித்தனியே நினைக்கும் சடங்காக மாற்றியுள்ளன என்று வாதிடுகிறேன். வானத்துக் கடிதங்கள், வைர சூத்திரம் ஆகிய பழைய படியெடுப்பு மரபுகளோடு ஒப்பிட்டு, புண்ணியம் எண்ணிக்கையில் இருக்கிறதா, கவனத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை முன்வைக்கிறேன்."

அத்தை: "மாற்றியுள்ளன" என்பது கொஞ்சம் அதிகம். "சிலருக்கு மாற்றியுள்ளன" என்று வை. உன்னிடம் இருக்கப்போவது நேர்காணல்கள், உலகக் கணக்கு இல்லை. கடைசி வரியில் கேள்வி வேண்டாம், பதிலைச் சொல். கவனத்தில்தான் இருக்கிறது என்று நீ நம்புகிறாய் அல்லவா?

நிலா: ஆமாம். மாற்றிவிட்டேன்.

கதிர்: கடைசித் தேதி எந்த நேர மண்டலத்தில் என்று பார்த்தாயா அக்கா? நள்ளிரவு என்று போட்டிருந்தால் யாருடைய நள்ளிரவு என்று பார்.

நிலா: பார்த்தேன். ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவேன்.

பெரியப்பா: ஒப்புதல் படிவம் எங்கே? கையெழுத்துப் போடுகிறேன். ஒரே நிபந்தனை, கட்டுரையில் என் புனைபெயரை நான்தான் வைப்பேன்.

கதிர்: பிஷப்.

அத்தை: நிலா, 1000 சொல் பகுதியை நாளைக்குள் மெயிலில் அனுப்பு. இங்கே போடாதே, உன் பெரியப்பா 11 பேருக்கு அனுப்பிவிடுவார்.