சென்ட்ரல் பார்க்கை மீட்டெடுத்தது எப்படி?

கேள்வி: 1970களில் புல்வெளிகள் புழுதிக்காடாகிப் போன நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைச் சீரமைத்தபோது, 1858இல் அதன் வடிவமைப்பாளர்களான ஓம்ஸ்டெடும் வாக்ஸும் வரைந்த வடிவத்தையே அப்படியே மீட்டார்களா?

பதில் 1: அப்படியே மீட்கவில்லை. 1980இல் தொடங்கிய சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பு, மூல வடிவத்தின் நோக்கத்தைக் காத்தாலும், பிற்காலத்தில் வந்த விளையாட்டுத் திடல்களை விட்டுவைத்தது. என் பார்வையில் அதுவே சரி.

பதில் 2: பூங்காவின் நடுவே உள்ள பெதஸ்டா மேல்தளத்துக்குக் கீழான மாடத்தின் உட்கூரையைப் பாருங்கள். நீர்க்கசிவால் பழுதான ஏறத்தாழ 16,000 மின்டன் ஓடுகளை (இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் செய்த அலங்கார ஓடுகள்) 1980களில் கழற்றிப் பத்திரப்படுத்தி, 2007இல்தான் மீண்டும் பதித்து முடித்தார்கள். மேல்தளக் கசிவை அடைக்காமல் ஓடுகளை மட்டும் ஒட்டியிருந்தால் அத்தனையும் வீண்தான்.

பதில் 3: நண்பர்களே, பராமரிப்பை மறந்துவிட்டீர்கள். 843 ஏக்கரை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கியதால், எந்தப் புல்தரை காய்ந்தாலும் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை.