உதவி தேவை: ‘இம்யூன் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்’ தமிழில்? (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என் கைக்கு வந்த பழைய வரைவில் தலைப்பில் உள்ள மருந்துவகைக்கு ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்’ என்று இருக்கிறது. இதைப் படிப்பவர், நோயெதிர்ப்பைத் தடுக்கிற மருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார். மருந்து செய்வதோ நேர் எதிரான வேலை. சுருக்கமான, தவறாகப் புரியாத ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர்:

முதலில் ‘தடுப்பான்’ வேண்டாம். ஆன் என்பது ஆண்பால் விகுதி. கருவியைக் குறிக்க இகர விகுதி இருக்கும்போது அதை ஏன் இழுக்க வேண்டும்? கடத்தி, மின்தேக்கி, ஒலிபெருக்கி எல்லாம் அப்படி வந்தவைதானே. ‘தடுப்பி’ என்றே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ‘அழிப்பான்’ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயிலும் நிலைத்துவிட்டதே. என் சிக்கல் விகுதியில் இல்லை. தடுப்பது எதை என்பதில் இருக்கிறது.

புற்றுநோய் மருத்துவர்:

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லைப் பிறகு பார்க்கலாம். டி செல் என்பது நோயெதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளணு. அதன் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சைகையை ஏற்கும் புரதம், இருக்கிறது. புற்றுசெல்கள் பல பிடி-எல்1 என்ற புரதத்தைத் தம் மேல் ஏந்தி நிற்கும். இரண்டும் பொருந்தியதும் டி செல் ஓய்ந்துபோகும். எதிரியை அடையாளம் கண்ட பிறகும் தாக்காது. மருந்தாகக் கொடுக்கும் எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட இலக்கில் ஒட்டிக்கொள்ளும் புரதம்) இந்த இரண்டில் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டு, அவை சேராமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது, அடக்குவதை அடக்குகிறது. டி செல்லை அடக்கும் இன்னொரு ஏற்பியான சிடிஎல்ஏ-4 மீது வேலை செய்யும் மருந்துக்கும் அடிப்படை இதுதான். அந்த வகையில் இபிலிமுமாப் என்ற மருந்து 2011ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014ல் வந்தன.

இந்த அடக்கம் உடலுக்குத் தேவையான ஒன்று என்பதும் சொல்லில் தெரிந்தால் நல்லது. பிடி-1 மரபணு இல்லாத எலிகளுக்கு உடல் தன்னையே தாக்கும் நோய் வந்ததை 1999லேயே ஜப்பானிய ஆய்வாளர் ஹோன்ஜோவின் குழு காட்டியது. நோயாளிகளிடம் நாங்கள் பேசும்போது “பிரேக்கை எடுத்துவிடுகிறோம்” என்கிறோம், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

தமிழாசிரியர்:

பிரேக் எதற்கு அம்மா, கடிவாளம் இருக்கிறதே! ‘கடிவிடுப்பி’ என்று வைக்கலாம். கடிவாளம் என்பதை ஆராய்ந்தால் சுவையாக இருக்கும். கன்னடத்தில் கடிவாண. மலையாளத்தில் கடிஞ்ஞாண், அதாவது கடி + நாண்: குதிரை வாயில் கடிபடும் கயிறு. அதற்கும் மேலே போனால், கடி என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பொருள்களில் காப்பு, கூர்மை, விரைவு, அச்சம் நான்கும் உண்டு. காவல்மரத்தைக் கடிமரம் என்றது காப்புப் பொருளில். உடலைக் காக்கும் அடக்கமும் காப்புத்தானே? மருத்துவர் கேட்ட பொருள் வேரிலேயே கிடக்கிறது.

ஆய்வு மாணவி:

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டில் ‘கடி’ என்று பார்ப்பவருக்கு நாய்க்கடிதான் நினைவுக்கு வரும். அவர் உரியியல் படித்துவிட்டு வரமாட்டார்.

தமிழாசிரியர்:

சொல்லிக் கொடுத்தால் படிப்பார், தம் மொழிதானே. ‘கணினி’யும் ஒரு நாள் புதிய சொல்லாகத்தான் இருந்தது.

இலங்கை நண்பர்:

இடையில் ஒன்று. எங்கள் பாடநூல்களில் செல் என்பது கலம், எதிர்ப்பொருள் என்பது பிறபொருளெதிரி, நோயெதிர்ப்பு என்பது நிர்ப்பீடனம். எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் இரு பக்கமும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

நிர்ப்பீடனம் வடசொல். அதை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இலங்கை நண்பர்:

எங்கள் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் மருத்துவராகிறார்கள், ஐயா. அவர்களுக்கு அது தமிழ்.

ஆய்வு மாணவி:

மீண்டும் சொல்லுக்கு வருவோம். ‘சாவடி’யைக் காப்பாற்ற நாம் ஏன் இத்தனை பாடுபடுகிறோம்? சிடிஎல்ஏ-4 ஆய்வில் முன்னின்ற ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018ல் நோபல் கொடுத்தபோது பரிசுக் குறிப்பில் செக்பாயிண்ட் என்ற சொல்லே இல்லை. நோயெதிர்ப்பின் எதிர்மறை நெறிப்படுத்தலைத் தடுத்து புற்றுநோய்க்குச் சிகிச்சை கண்டதற்காக என்றுதான் இருந்தது. தவிர, செல் பிரியும் சுழற்சியிலும் செக்பாயிண்ட் உண்டு. அங்கே செல் உண்மையிலேயே நின்று, டிஎன்ஏ பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. ‘சோதனைப்புள்ளி’ அதற்குப் பொருந்தும். டி செல் விஷயத்தில் யாரும் எதையும் சோதிப்பதில்லை, அடக்கம் மட்டுமே நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். பெயரே வழிதவறியிருப்பதும் இந்தத் துறையில் புதிதில்லை: 1992ல் பிடி-1ஐக் கண்டபோது அது செல் தானே மடியும் நிகழ்வைச் சேர்ந்தது என்று கருதித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் (பிடி என்பது ‘புரோகிராம்டு டெத்’, அதாவது திட்டமிட்ட மடிவு, என்பதன் சுருக்கம்).

என் பரிந்துரை ‘நோயெதிர்ப்புக் கட்டவிழ்ப்பி’. கட்டு இருந்தது, அதை அவிழ்க்கிறது, அவ்வளவுதான்.

புற்றுநோய் மருத்துவர்:

பொருள் சரி. ஆனால் ‘வன்முறையைக் கட்டவிழ்த்துவிட்டனர்’ என்றுதான் நாளிதழ்களில் வருகிறது. ஏற்கெனவே பயந்துபோய் வருபவரிடம் இந்தச் சொல்லைக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. ‘தடைநீக்கி’ போதாதா?

ஆய்வு மாணவி:

எந்தத் தடையை என்று கேட்பார்களே, அம்மா. நோய்க்கு இருந்த தடையை நீக்குகிறது என்றும் படிக்கலாம். கட்டு என்றால் உடல் தானே போட்டுக்கொண்டது என்பது தெரியும். அது அவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

புற்றுநோய் மருத்துவர்:

எச்சரிக்கையை ஒரு சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம், தனிப் பத்தியாகவே எழுதுங்கள். இந்த மருந்து எடுப்பவருக்கு வரும் வயிற்றுப்போக்கு, குடலை அவருடைய டி செல்களே தாக்குவதாலும் இருக்கலாம். தாமாகவே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு தேவைப்படலாம். மூச்சுத்திணறலோ விடாத இருமலோ வந்தாலும் அப்படித்தான், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை வரலாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லில் எதை எடுத்தாலும் இந்தப் பத்தி மட்டும் விடுபடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை காலை அனுப்பியாக வேண்டும். வந்த மடல்களில் ‘தடைநீக்கி’க்குத்தான் ஆதரவு கூடுதல், இலங்கை நண்பரும் சரி என்கிறார். ஆகவே கையேட்டில் ‘நோயெதிர்ப்புத் தடைநீக்கி மருந்து’ என்று போகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘புற்றுசெல்லைத் தாக்கவிடாமல் டி செல்களைப் பிடித்துவைத்திருக்கும் தடையை நீக்கும் மருந்து’ என்று விரித்து, பக்கத்திலேயே ‘இம்யூன் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்’ என்ற ஒலிப்பையும் தருகிறேன். மருத்துவமனையில் அவர் காதில் விழப்போவது அந்தப் பெயர்தான். மருத்துவர் சொன்ன பத்தி இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டி வருகிறது.

தமிழாசிரியர்:

‘தடைநீக்கி’ தமிழாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒலிப்பைப் பக்கத்தில் வைத்தால் ஒலிப்புத்தான் பிழைக்கும், தமிழ் அடைப்புக்குள் போய்விடும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி:

கையேட்டுக்குத் தடைநீக்கி சரி. வகுப்புக்கு நான் எழுதும் பாடக்குறிப்பில் கட்டவிழ்ப்பியைத்தான் வைக்கப்போகிறேன். அங்கே பிடி-1 ஏன் உடலுக்கு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.