மண்டப பார்க்கிங்: மேலேயே தார் போட்டா போதுமா, தோண்டிப் போடணுமா?

ஓமலூர்ரோடு_மண்டபம்:
சேலத்தில் கல்யாண மண்டபம். பார்க்கிங் 8,000 சதுர அடி, தார் போட்டு 11 வருஷம். கேட் பக்கம் சாமான் லாரி திரும்புற இடத்தில் தார் சில்லு சில்லா வெடிச்சு, மிதிச்சாலே ஆடுது. நடுவில் மழை விட்ட மறுநாளும் தண்ணி நிக்குது. மத்த இடம் வெளுத்து ஜல்லி தெரியுது, விரிசல் இல்லை. பழசு மேலேயே 40 மி.மீ. போட்டுடலாமா?

ரோடு_சைட்:
கேட் பக்கம் கூடாதுங்க. விலை பேசும் முன்னாடி மூணு குழி தோண்டிப் பாருங்க: ஆடுற இடம், தண்ணி நிக்கிற இடம், நல்லா இருக்கிற இடம். ஒன்றரை அடிச் சதுரம் போதும். ஜல்லிக்குள்ள செம்மண் சேறு ஏறி, கையாலயே உதிர்ந்தா அடித்தளம் போச்சு. அது மேல எவ்வளவு கனமா தார் போட்டாலும் லாரி பாரத்துல கீழே அமுங்கி, அதே விரிசல் மேல வந்துடும்.

அந்த இடத்தை மட்டும் மண் வரைக்கும் எடுத்து, 150 மி.மீ. கிராவல், அது மேல வெட்மிக்ஸ் (தண்ணி சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) 100 மி.மீ. வீதம் ரெண்டு அடுக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ரோலர். லாரி நின்னு டீசல் சொட்டுற இடமா இருந்தா அங்கே தாரே வேண்டாம், டீசல் தாரைக் கரைச்சிடும். 80 மி.மீ. கனத்துல எம்40 பலமுள்ள கான்கிரீட் பேவர் பிளாக் போடுங்க.

வெளுத்த பகுதியில் குழி கெட்டியா இருந்தா மேல் அடுக்கு மட்டும் போதும்.

லெவல்_பாருங்க:
தண்ணிக்கு வழி பண்ணாம தார் போட்டா காசு வீண். 10 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு வேணும். பழசு மேல 40 மி.மீ. ஏத்தினா வாசல்படி தாழ்ந்து தண்ணி மண்டபத்துக்குள்ள திரும்பும். படி ஓரமும் வடிகால் ஓரமும் பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க.

ரோடு_சைட்:
அளவும் சொல்லிடறேன். 8,000 சதுர அடிக்கு 40 மி.மீ.ன்னா சுமார் 70 டன் ஹாட்மிக்ஸ், அதாவது சூடான தார்-ஜல்லிக் கலவை. லாரிக்கு லாரி எடைச் சீட்டு வாங்குங்க. பரப்பும்போது 50 மி.மீ. இருந்தாத்தான் ரோலர் ஓடினப்புறம் 40 நிக்கும். அடியில் பழசோட ஒட்டுறதுக்கு எமல்ஷன் (தண்ணியில் கலந்த தார்) சதுர மீட்டருக்கு கால் கிலோ. பழுப்பு நிறம் கறுப்பானப்புறம்தான் மிக்ஸ் கொட்டணும். விரிக்கும்போது 140 டிகிரி, 90க்கு இறங்கும் முன்னாடி ரோலிங் முடியணும். தெர்மாமீட்டர் கேளுங்க, நிறையப் பேர் கொண்டுவர மாட்டாங்க.

உங்களுக்கு மார்கழிக் கடைசி தோது. முகூர்த்தம் இல்லை, மழையும் பெரும்பாலும் ஓய்ஞ்சிருக்கும். பனி ஈரம் காயணும், காலை 10 மணிக்கு மேல தார் வேலை ஆரம்பிங்க.